வாவியையும் வட்டையையும் எடுக்க: பிலிமா, டிஜிட்டலா?

கமெரா வாங்குவது பற்றி என்னிடம் கேட்கிறவர்களில் அண்மைக்காலமாக இரண்டு வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் வகையினரிடம் நல்ல டிஜிட்டல் கமெரா ஏற்கெனவே இருக்கிறது. அதை விற்றுவிட்டுப் பிலிமுக்குப் போகலாமா என்கிறார்கள். இரண்டாம் வகையினரிடம் கைபேசியைத் தவிர எதுவும் இல்லை. அப்பப்பாவின் பழைய பெண்டாக்ஸ் ஒன்று அலுமாரிக்குள் அகப்பட்டிருக்கிறது. கல்லடிக் கடற்கரையின் விடியலை அதிலேயே எடுத்துப் பழகலாமா என்கிறார்கள்.

இணையத்தில் இதற்குப் பதில் ஏராளம் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் லண்டனிலோ டோக்கியோவிலோ இருப்பவருக்காக எழுதப்பட்டவை. அங்கே பிலிம் கழுவித் தரும் கடைக்கு நடந்தே போகலாம். குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இந்த இரண்டையும் நம்ப முடியாது. இங்கே முடிவைத் தீர்மானிப்பது கமெராவை விடக் கழுவும் வேலைதான். சுருளை யார் கழுவுவது, எந்தத் தண்ணீரில், எத்தனை நாளில் என்று தெரியாமல் பிலிம் கமெரா வாங்குகிறவர் ஓர் அழகான அலுமாரிப் பொருளைத்தான் வாங்குகிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களைப் பார்க்கலாம். கையில் எதுவும் இல்லாதவர் டிஜிட்டலில் தொடங்குவது நல்லது. டிஜிட்டல் இருக்கிறவர் அதை விற்காமல், 120 அளவுக் (35 மி.மீ.யை விட அகலமான) கறுப்பு-வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்கலாம். 35 மி.மீ. வண்ணப் பிலிமை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவுவிப்பதுதான் நிலக்காட்சிக்கு எல்லாவற்றிலும் மோசமான வழி. அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, கீழே வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஒளி. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழுந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் விழுகிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே. அதனால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி இறங்கும். விடியலுக்கு முன் பரவும் அந்த மெல்லிய வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடம்தான் நிற்கும். ஐரோப்பியப் படப்பிடிப்பாளர் ஒரு மணி நேரம் நிதானமாகச் செய்வதை நாம் கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதன் பிறகு ஒளி கடுமையாகிவிடும்: கடல் கண்ணைப் பறிக்கும், தென்னைக்குக் கீழே கறுப்பு.

கழுவல். மேலே சொன்னதுதான். விரிவாகப் பிறகு பார்ப்போம்.

ஒரு படத்துக்கு விழும் செலவு. கமெராவின் விலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு வருடத்தில் எத்தனை படம் எடுப்பீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அச்சு. கைபேசித் திரையில் காட்டுவதற்கா, சுவரில் மாட்டுவதற்கா?

வெப்பம், ஈரம், உப்பு. இவை மூன்றும் இங்கே வருடம் முழுக்க உண்டு.

காவல். இருபது வருடம் கழித்து அந்தப் படம் எங்கே இருக்கும்?

| | பழைய முழுச்சட்ட (சென்சர் 35 மி.மீ. பிலிம் அளவுள்ள) டிஜிட்டல் | 35 மி.மீ. பிலிம் | 120 பிலிம் |
|---|---|---|---|
| படம் விழும் பரப்பு | 24 × 36 மி.மீ. | 24 × 36 மி.மீ. | 6×6 சட்டத்தில் 56 × 56 மி.மீ.; 6×7 சட்டத்தில் ஏறத்தாழ 56 × 70 மி.மீ. |
| ஒரு தடவைக்குப் படங்கள் | கார்ட் நிரம்பும் வரை | 36 | 6×6இல் 12. 6×7இல் 10 |
| அடுத்த படத்துக்குச் செலவு | இல்லை என்றே சொல்லலாம் | நடுத்தரம் | அதிகம் |
| வேகமாக மாறும் விடியல் | மிக நன்று | பரவாயில்லை | ஒன்றிரண்டு படமே கிடைக்கும் |
| நிலா வெளிச்சம், நட்சத்திரம் | மிக நன்று | கடினம் | கடினம் |
| மின்சாரம் இல்லாத இடம் | சிரமம் | மிக நன்று | நன்று |
| பெரிய அச்சு | நன்று | சுமார் | மிக நன்று |
| படத்தை உடனே காட்டுவது | முடியும் | முடியாது | முடியாது |
| மறைந்திருக்கும் செலவு | கணினி, வட்டு, நேரம் | ஸ்கேன், தபால், காத்திருப்பு | ஸ்கேன், முக்காலி, முதுகு |

## டிஜிட்டல்

நான் இங்கே புதுக் கமெராவைச் சொல்லவில்லை. பத்து வருடப் பழைய முழுச்சட்டக் கமெராக்களே போதும். 2014இல் வந்த நிக்கோன் டி750 போன்ற 24 மெகாபிக்சல் கமெராவின் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 × 13 அங்குலம் வரும். பெரும்பாலான வீட்டுச் சுவர்களுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

விடியலில் டிஜிட்டலுக்கு நிகர் இல்லை. பாசிக்குடாவில் வானம் செம்மஞ்சளாக இருக்கும்போது ஒன்று, சூரியன் விளிம்பைக் காட்டும்போது இன்னொன்று, அலை பின்வாங்கும்போது மற்றொன்று என்று எடுத்துத் தள்ளலாம். ஒவ்வொன்றையும் பின்திரையில் பார்த்து, வானம் வெளுத்துப் போயிருந்தால் அடுத்த படத்தில் குறைக்கலாம். குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) நல்ல சென்சர் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஏறத்தாழ 14 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) பிடிக்கும். ஆகையால் வானத்துக்கு அளந்து எடுத்துவிட்டு, கரையில் கிடக்கும் தோணியின் இருட்டைக் கணினியில் தூக்கிக்கொள்ளலாம். சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் ரோ ஃபைலாக எடுத்திருந்தால்தான் இது நடக்கும். கமெரா சுருக்கித் தரும் ஜேபெக்கை மட்டும் வைத்திருந்தால் அந்த வசதியில் பெரும்பகுதி போய்விடும்.

பலர் யோசிக்காத ஒரு நன்மையும் இருக்கிறது. இந்தப் பகுதியில் முக்காலியோடு நின்றால் யாராவது வந்து கேட்பார்கள். மீன்பிடிக்காரர் கேட்பார், சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள், சில இடங்களில் சீருடையில் இருப்பவரும் கேட்பார். டிஜிட்டலில் திரையைத் திருப்பிக் காட்டினால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பிலிம் கமெராவில் காட்ட எதுவும் இல்லை. "கழுவினால்தான் தெரியும்" என்ற பதில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு, மற்றவர்களுக்குச் சந்தேகம்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். கணினி இல்லாதவருக்குக் கமெராவின் விலை பாதிக் கதைதான். நிறம் சரியாகக் காட்டும் திரை, இரண்டு வெளி வட்டுகள், உபரிப் பற்றரி, மென்பொருளுக்கு மாதச் சந்தா என்று பட்டியல் நீளும். சந்தா வேண்டாம் என்றால் டார்க்டேபிள் இலவசம். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நேரமும் ஒரு செலவுதான். ஒரு காலையில் நானூறு படம் எடுத்துவந்தால், அதில் நாலைத் தேடி எடுக்க ஒரு மாலை போய்விடும்.

அப்புறம் தூசி. கச்சான் காற்றுக் காலத்தில் கடற்கரையில் லென்ஸ் மாற்றினால் சென்சரில் மணல்தூள் ஒட்டும். எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சிறிதாக்கும் நிலக்காட்சிக்காரருக்குத்தான் அது வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஆள் படம் எடுப்பவருக்குக் கண்ணில் படவே படாது. பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பரப்பு வருவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தத் தூசியை ஸ்கேன் செய்யும்போது சந்திப்பீர்கள்.

எப்போது இதுவே சரி: புதிதாகப் பழகுகிறவருக்கு, விடுதிகளுக்கும் சுற்றுலாக்காரருக்கும் வேலை செய்து கொடுப்பவருக்கு, குமனவில் காட்சியோடு பறவையும் வேண்டும் என்பவருக்கு, இரவில் எடுப்பவருக்கு.

## 35 மி.மீ. பிலிம்

அலுமாரியில் அகப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான்: பெண்டாக்ஸ் கே1000, நிக்கோன் எஃப்எம்2, கெனன் ஏஇ-1. முதல் இரண்டும் பற்றரி இல்லாமலே வேலை செய்யும். பற்றரி ஒளி அளக்கும் மீற்றருக்கு மட்டும். ஏஇ-1 அப்படியில்லை. பற்றரி செத்தால் ஷட்டரும் செத்தது.

நிலக்காட்சிக்கு இதில் எனக்கு இரண்டு மனக்குறைகள். முதலாவது, நெகட்டிவ் சின்னது. 20 அங்குல அச்சுக்கு அதைப் பதினான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். கூட்டமான சந்தைப் படத்தில் அப்போது தெரியும் குருணை (பிலிமின் புள்ளித் தன்மை) அழகாக இருக்கும். மண்டூர்ப் பக்கத்து வட்டையில் ஒவ்வொரு நெற்கதிரும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் போதாது. சாதாரண பிளாட்பெட் ஸ்கேனரில் போட்டால் இருக்கும் நுணுக்கத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

இரண்டாவது மனக்குறையைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: 36 படம் அதிகம். முக்காலி வைத்து நிதானமாக எடுக்கிறவருக்கு ஒரு சுருள் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எடுத்த படங்கள் கழுவப்படாமல் கமெராவுக்குள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடக்கும். கழுவாத பிலிமில் பதிந்த படம் சூட்டில் மங்கும். மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் வைத்தால் இன்னும் விரைவாக மங்கும். ஜனவரியில் எடுத்த மாரி மேகத்தை ஆடியில் கழுவிவிட்டு நிறம் மங்கிப் போயிற்றே என்று கடைக்காரரை நோவதில் பயனில்லை.

செலவுக்கு ஒரு கணக்குப் போடலாம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கீழே உள்ள தொகைகளைக் கற்பனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்குக் கிடைக்கும் விலையைப் போட்டுத் திரும்பப் பாருங்கள். வண்ணச் சுருள், கழுவுகூலி, ஸ்கேன், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 9,000 ரூபா என்று வைப்போம். 36ஆல் வகுத்தால் படம் ஒன்றுக்கு 250 ரூபா. பிலிம் கமெரா 60,000, பழைய டிஜிட்டலும் லென்ஸும் 250,000 என்றால் வித்தியாசம் 190,000. அது 21 சுருளில் தீர்ந்துவிடும். மாதம் ஒரு சுருள் எடுப்பவருக்கு இரண்டு வருடம்கூட ஆகாது. வருடத்துக்கு நாலு சுருள் மட்டும் எடுப்பவருக்கு ஐந்து வருடம் தாண்டும் வரை பிலிம்தான் மலிவு. குறைவாக எடுப்பவருக்குப் பிலிம் இலாபம் என்பதை யாரும் சொல்வதில்லை.

வண்ணத்தில் எதை வாங்குவது? கோடாக் கோல்ட் 200 தாராளமாகப் போதும். எக்டார் 100 நிறத்தை அழுத்திக் காட்டும். ஆனால் வெளிச்சம் குறைத்து எடுத்தால் நிழல்கள் நீலம் பாரிக்கும். போர்ட்ரா 400 மிகப் பொறுமையான பிலிம். ஒரு ஸ்டொப் கூட்டி எடுத்தால் இன்னும் நன்றாக வரும். நெகட்டிவ் பிலிம் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. டிஜிட்டலில் பழகிய கை இதை மறந்து வானத்துக்கு அளக்கும். நெகட்டிவில் நிழலுக்கு அளக்க வேண்டும். நேர்ப்படமாகவே வரும் ஸ்லைட் பிலிம் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். எக்டாக்ரோம் 2018இல் திரும்பி வந்தது உண்மை, பார்க்க அழகும்தான். ஆனால் அதற்கு ஈ-6 என்ற வேறு மருந்து வேண்டும், அது ஐந்து ஸ்டொப்புக்கு மேல் அதிகம் தாங்காது, கழுவித் தர ஆள் தேடுவதே பெரிய வேலை.

சரி, விதிவிலக்கு. உகந்தையிலிருந்து குமனக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவருக்கு இதைவிட நல்ல கமெரா இல்லை. நாட்கணக்கில் மின்சாரம் கிடையாது. தோளில் அரிசியும் தண்ணீரும் இருக்கும்போது லென்ஸ் பெட்டி தூக்க முடியாது. ஒரு கே1000, ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஐந்து சுருள். அங்கே காட்சி, ஆள், புழுதி எல்லாம் சேர்ந்துதான் படம். 36 படம் என்ற எண்ணிக்கையும் அங்கே பொருந்திவிடும். சுருள் நாளுக்கு ஒன்றாக முடியும், ஊர் திரும்பியதும் ஒன்றாகக் கழுவலாம்.

எப்போது இதுவே சரி: நடந்து போகிறவருக்கு; கமெரா ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு; வருடத்துக்குச் சில சுருள் மட்டும் எடுக்கிறவருக்கு.

## 120 பிலிம்

பிலிமில் நிலக்காட்சி எடுக்க உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. 6×7 நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ.யைப் போல நாலரை மடங்கு. அதே 20 அங்குல அச்சுக்கு ஏழு மடங்கு சொச்சம் பெரிதாக்கினால் போதும். சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தின் கரையில் நின்று தூரத்து மலைவரிசையை எடுத்தால், நீருக்கும் மலைக்கும் நடுவில் உள்ள மூட்டம் படிப்படியாக வெளுத்துப் போவது இதில் தெரிகிற மாதிரி 35 மி.மீ.யில் தெரியாது. இதைப் பிலிமின் மாயம் என்று நினைக்க வேண்டாம். பரப்பு பெரிதென்பதே காரணம்.

படங்கள் குறைவு என்பது இங்கே வசதியாகிறது. ஒரு காலைப் பொழுதில் 12 படம் முடிந்துவிடும், அன்றே கழுவலாம், கமெராவுக்குள் எதுவும் வாடாது.

எந்தக் கமெரா? குறைந்த விலையில் உள்ளே நுழைய யஷிகா மாட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கமெராவே வழி. 80 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், மாற்ற முடியாது. கழுத்தில் தொங்கவிட்டு நடக்கலாம். மமியா ஆர்பி67 அருமையான கருவி. ஆனால் லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோவைத் தாண்டும், அதற்கேற்ற முக்காலியும் வேண்டும். குடும்பிமலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு என் வணக்கம்.

இதில் கறுப்பு-வெள்ளையைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம் பாதி கழுவல், பாதி மாரி. நவம்பர், டிசம்பரில் படுவான்கரைக்கு மேலே குவியும் மேகத்தைப் போலக் கறுப்பு-வெள்ளைக்கு ஏற்ற பொருள் வேறில்லை. லென்ஸுக்கு முன்னால் போடும் நிற வடிகட்டிக் கண்ணாடி கட்டாயம். மஞ்சள் போட்டால் ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும், செம்மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. சிவப்பு வானத்தைக் கறுப்பாக்கி மேகத்தைத் தூக்கி நிறுத்தும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். அவை பாலைவனத்துக்கும் பாறைக்கும் பொருந்தும். பெரும்போகத்தில் வட்டை முழுக்கப் பச்சையாக நிற்கும்போது சிவப்பைப் போட்டால் மேகம் எழும்பும், வெள்ளாமை கரிந்தது போல இருண்டுவிடும். அந்த மாதங்களில் மஞ்சள் அல்லது மஞ்சள்பச்சைதான் சரி. அறுவடை முடிந்து தாள் காய்ந்து வெளுத்த பிறகு சிவப்பை எடுக்கலாம்.

மறைந்த செலவு இரண்டு. யஷிகாவின் லென்ஸ் முகப்பு பயொனெட்-1 என்ற தனி அளவு. அதற்குரிய வடிகட்டி சாதாரணக் கடையில் கிடைக்காது, கமெராவோடு சேர்த்தே தேடுங்கள். அடுத்தது ஸ்கேன். 120ஐ நல்லபடி கணினிக்குள் கொண்டுவர எளிய வழி, ஒளிப் பலகையின் மேல் நெகட்டிவை வைத்து மக்ரோ லென்ஸால் டிஜிட்டல் கமெராவில் படம் பிடிப்பது. ஆக, பிலிமை முழுதாகப் பயன்படுத்த டிஜிட்டல் கமெரா வேண்டும். முதல் வகையினரிடம் "விற்காதீர்கள்" என்று சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

எப்போது இதுவே சரி: பெரிதாக அச்சிட்டு மாட்டுகிறவருக்கு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு, கையில் டிஜிட்டல் இருப்பவருக்கு.

## கழுவல்

மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் ஒரு காலத்தில் ஸ்டூடியோக்கள் பிலிம் கழுவின. இப்போது அவர்கள் தொழில் டிஜிட்டல். வண்ணச் சுருளைக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டிவரும். அனுப்பும்போது இரண்டு விஷயத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள்: ஸ்கேன் எந்த அளவு, நெகட்டிவ் எப்படித் திரும்பி வரும். எனக்கு ஒருமுறை நெகட்டிவைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு அனுப்பியிருந்தார்கள். பட்டி அழுத்திய இடத்தில் இருந்த அறுகம்குடா வானத்தில் இன்றும் ஒரு கோடு ஓடுகிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பிலிம் கொண்டுவந்தால், கைப்பையில் வைத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். சரக்குப் பெட்டிக்குள் போட்டால் அங்கே கதிர்வீச்சு பலமானது. இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கே வந்துவிட்ட சிடி ஸ்கேனர் எந்த வேகப் பிலிமையும் புகைமூட்டமாக்கும்.

வீட்டில் கறுப்பு-வெள்ளை கழுவ இருட்டறை தேவையில்லை. கழுவும் டாங்க், வெப்பமானி, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதை நிலைப்படுத்தும் ஃபிக்சர் போதும். சிக்கல் தண்ணீரில். புத்தகங்கள் எல்லாம் 20 பாகை என்கின்றன. வெயில் பட்ட தாங்கியிலிருந்து வரும் நம் தண்ணீர் 30 பாகையைத் தொடும். சூடு கூடக் கூட டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமில் திட்டுத்திட்டாக விழும்.

இதற்கு இரண்டு வழி சேர்த்துச் செய்யலாம். ஒன்று, டெவலப்பரைத் தண்ணீரில் ஐதாக்குவது. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை அப்படியே ஊற்றினால் 20 பாகையில் ஏழரை நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். அந்த 13 நிமிடம் 24 பாகையில் ஏறத்தாழ 9 ஆகும். சின்னப் பிழை நேர்ந்தாலும் தாங்குகிற நேரம் அது. இரண்டாவது, வாளியில் தண்ணீர் எடுத்து, ஐஸ் போட்ட பொலித்தீன் பையை அதில் மிதக்கவிட்டு, மருந்துப் போத்தல்களை அதில் நிறுத்துவது. 20க்கு இறக்க மல்லுக்கட்ட வேண்டாம், 24 போதும். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுப் பிறகு தாங்கித் தண்ணீரில் அலச வேண்டாம். எல்லாத் திரவமும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

டாங்குக்குள் போகும் ரீலில் பிலிமை இருட்டில் ஏற்றுவது மாரிக் காலத்தில் தனிச் சோதனை. ஒளி புகாத மாற்றுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுச் சில நிமிடம் போனால் உள்ளே வியர்வை, பிளாஸ்டிக் ரீல் ஈரம், பிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. பையை விட்டுவிட்டு, இரவில் யன்னல் இல்லாத அறையில் கதவடியில் துணி அடைத்துவிட்டு ஏற்றுவது சுகம். ரீலை முதலில் தலைமுடி உலர்த்தியால் நன்றாகக் காயவையுங்கள்.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். ஒரு போத்தல் போதும்.

ஃபிக்சரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் மணல் நிலம், கிணறு ஆழமில்லை. முற்றத்தில் ஊற்றினால் போய்ச் சேரும் இடம் உங்கள் கிணறுதான், அல்லது பக்கத்து வீட்டுக்காரருடையது. பழைய கானில் சேர்த்து, இரும்புப் பஞ்சு போட்டு வைத்தால் வெள்ளி அடியில் படியும்.

வண்ணம் கழுவ சி-41 மருந்துக்கு 37.8 பாகை வேண்டும், டெவலப்பருக்கு மூன்றேகால் நிமிடம். நம் தண்ணீரை அந்தச் சூட்டுக்கு உயர்த்துவது குளிர்விப்பதைவிட எளிது. ஆனால் அரைப் பாகை தவறினாலே நிறம் நகரத் தொடங்கும், கலக்கிய மருந்து நீண்ட நாள் நிற்காது. ஐந்தாறு சுருள் சேர்த்து ஒரே நாளில் கழுவுகிறவருக்குத்தான் கட்டுபடியாகும்.

## நிலா இரவு

பௌர்ணமியில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் அந்த நிலா வெளிச்சத்தையும் எடுக்க ஆசைப்படுவார்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் அதன் நிழலும் வாவியில் விழுவது நல்ல காட்சிதான். இங்கே பிலிம் தோற்கும்.

ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் பிலிமின் உணர்வு குறைந்துகொண்டே போகும். அளந்த நேரத்தை எச்பி5 பிளஸுக்கு 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்பது இல்ஃபோர்ட் தரும் வாய்பாடு. அளவு 10 விநாடி என்றால் 20 விநாடி. அளவு 30 என்றால் 86. நிலா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 11 வைத்தால் நாலு நிமிடம் என்று வரலாம். வாய்பாட்டில் போட்டால் அது ஏறத்தாழ 22 நிமிடம். அதற்குள் நங்கூரமிட்ட தோணி சுற்றிவிடும், நிலா நகர்ந்து நிழலும் நகர்ந்துவிடும். டிஜிட்டலில் நாலு நிமிடம் நாலு நிமிடம்தான். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

## காவல்

நெகட்டிவ் நூறு வருடம் நிற்கும், வட்டு ஐந்து வருடத்தில் சாகும் என்பது பிலிம்காரர்கள் அடிக்கடி சொல்வது. கிழக்குக் கரையில் இதை அப்படியே ஏற்க முடியாது. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடலும் அல்பங்களையும் நெகட்டிவ்களையும் வீட்டோடு கொண்டுபோயின. நெகட்டிவுக்கு அசல் ஒன்றுதான். டிஜிட்டல் ஃபைலை நாலு இடத்தில் வைக்கலாம், நாலும் அசலே.

அனர்த்தம் இல்லாவிட்டாலும் ஈரம் இருக்கிறது. நெகட்டிவின் ஜெலட்டினில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், வருடத்துக்கு இரண்டு தடவை திறந்து பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வட்டும் சாகும், அதனால் ஒரு பிரதி கரையில் இருந்து தள்ளி, உட்பகுதியில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். பிலிமில் எடுப்பவரும் ஸ்கேனை இப்படியே வைக்க வேண்டும். அசலைப் போல முழுமையாக இராது, இருந்தாலும் ஒன்றாவது மிஞ்சும்.

## பழைய பிலிம் கமெரா வாங்கும்போது

லென்ஸுக்குப் பின்னாலிருந்து கைபேசி டோர்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சணம். விளிம்பில் கொஞ்சம் இருந்தால் பேரம் பேசலாம். நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்கதவைத் திறந்து, ஒளி புகாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சை விரலால் தொடுங்கள். நம் வெப்பத்தில் அது உருகித் தார் போலப் பிசுபிசுக்கும்; மாற்றுவது மலிவு, அதற்காக மறுக்க வேண்டாம். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அடித்துக் காதால் கேளுங்கள். இழுத்து இழுத்துப் போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது, திருத்த ஆள் தேட வேண்டும், விலை பாதியாக வேண்டும். பற்றரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீற்றர் வேலை செய்யவில்லை என்பது மட்டும் குறையென்றால் கவலைப்பட வேண்டாம். யஷிகா மாட் 124ஜி போன்றவற்றின் மீற்றர் இப்போது விற்பனையில் இல்லாத பாதரசப் பற்றரிக்குச் செய்யப்பட்டது. வேலை செய்தாலும் அது சொல்வதை நம்ப முடியாது. கைபேசியில் இலவச ஒளிமானிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மீற்றர் செத்ததற்காக விற்பவர் குறைக்கும் தொகையில் இரண்டு மூன்று சுருள் கென்ட்மியர் கறுப்பு-வெள்ளைப் பிலிம் வாங்கிக்கொள்ளலாம்.